பைராட்ஸ் 4 என்று வந்தால்

புரோஸ்டேட் எம்.ஆர்.ஐ. அறிக்கை கைக்கு வந்ததும் கண் நேராகக் கடைசிப் பத்திக்குத்தான் ஓடும். "இடது பக்கம், பின்புற வெளிமண்டலத்தில் 9 மி.மீ. அளவில் சந்தேகத்துக்குரிய பகுதி, பைராட்ஸ் 4" என்பது போல ஒரு வரி அங்கே இருக்கும். பெரும்பாலும் அந்த மனிதருக்கு உடம்பில் ஒரு தொந்தரவும் இருந்திருக்காது. மாஸ்டர் ஹெல்த் செக்கப்பில் பி.எஸ்.ஏ. என்ற இரத்தப் பரிசோதனை அளவு 6 அல்லது 7 என்று வந்திருக்கும், யூராலஜிஸ்ட் ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்திருப்பார், அவ்வளவுதான். அன்று மாலைக்குள் வீட்டில் அவர் புற்றுநோயாளி ஆகிவிடுகிறார். மகன் ரோபோ அறுவை சிகிச்சை எங்கே செய்கிறார்கள் என்று தேடத் தொடங்குகிறான். ஊரிலிருந்து போனில் பேசும் மைத்துனர், ஊசி மட்டும் குத்த விடாதீர்கள், குத்தினால் பரவிவிடும் என்கிறார். அக்கறையில் சொல்லப்படும் இந்த இரண்டு யோசனைகளும் ஒரே பிழையிலிருந்து பிறக்கின்றன. அந்த எண்ணை நோயின் பெயராகவே இருவரும் படித்துவிடுகிறார்கள். ஊசி போட்டுத் திசு எடுத்துப் பார்ப்பது (பயாப்சி) எவ்வளவு அவசியம், போட்டால் எந்த இடத்தில் என்பதைத்தான் பைராட்ஸ் சொல்கிறது. அது புற்றுநோய்தானா, எந்த ரகம் என்பது திசுவைப் பார்த்தால்தான் தெரியும். சிகிச்சை வேண்டுமா என்பது அதற்கும் பிறகு, தனியாக உட்கார்ந்து எடுக்க வேண்டிய முடிவு. இந்த மூன்றையும் ஒன்றாகக் கட்டிவிடுவதால்தான் சிலர் தேவையில்லாத அறுவை சிகிச்சைக்குப் போகிறார்கள், சிலர் தேவையான பயாப்சியைத் தவிர்த்துவிட்டு ஆபத்தில் மாட்டுகிறார்கள்.

எம்.ஆர்.ஐ. உண்மையில் எதைப் பார்க்கிறது என்பது தெரிந்தால் இந்தக் குழப்பத்தில் பாதி தீரும். சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி இருக்கிறது புரோஸ்டேட் சுரப்பி. அதன் வெளிமண்டலத்தில், அதாவது மலக்குடலை ஒட்டிய பின்பகுதியில்தான் பெரும்பாலான புற்றுநோய்கள் தோன்றுகின்றன. நலமான சுரப்பித் திசுவுக்குள் நிறைய நுண்குழல்கள், அவற்றில் திரவம். நீர் மூலக்கூறுகள் அங்கே தாராளமாக அலையும். புற்றணுக்கள் நெருக்கியடித்துப் பெருகும்போது அந்த இடைவெளிகள் அடைபட்டு நீரின் நடமாட்டம் குறைகிறது. ஸ்கேன் இந்த நடமாட்டத்தை அளந்து படமாக்கித் தருகிறது. நீர் தடைபட்ட இடம் ஒரு படத்தில் பளிச்சென்று வெள்ளையாகவும், அதற்கு இணையான இன்னொரு படத்தில் கறுப்பாகவும் விழும். கூடவே கை நரம்பில் ஏற்றிய மருந்து அந்த இடத்துக்கு மற்ற இடங்களைவிட முந்திப் பாய்கிறதா என்றும் பார்ப்பார்கள். ஆக, ஸ்கேன் கண்டது நெரிசலை. நெரிசலுக்குப் புற்றுநோய் ஒரு காரணம் மட்டுமே. பழைய அழற்சி, அது ஆறிய தழும்பு, வயதானவர்களுக்கு வரும் சுரப்பி வீக்கத்தின் முடிச்சுகள் எல்லாம் இதே கறுப்பைக் காட்டக்கூடியவை. முந்தைய பயாப்சியில் கசிந்து தங்கிய இரத்தமும் படத்தைக் குழப்பும். சிறுநீர்ப்பைப் புற்றுக்காக பி.சி.ஜி. மருந்து செலுத்தப்பட்டவர்களிடமும், காசநோய் புரோஸ்டேட்டைத் தொட்டவர்களிடமும் வரும் ஒருவகை அழற்சி, தேர்ந்த ரேடியாலஜிஸ்டையே ஏமாற்றும் அளவுக்குப் புற்றுநோய் போலத் தெரியும். காசநோய் இன்னும் பரவலாக இருக்கும் நம் நாட்டில் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இப்படிக் கண்டதை 1 முதல் 5 வரை தரப்படுத்தும் முறைதான் பைராட்ஸ். ஐரோப்பிய ரேடியாலஜி நிபுணர்கள் 2012இல் இதை முன்வைத்தார்கள். இப்போது புழக்கத்தில் உள்ள 2.1 வடிவம் 2019இல் வந்தது. 1, 2 என்றால் சந்தேகம் குறைவு, 3 இரண்டும்கெட்டான், 4, 5 என்றால் சந்தேகம் வலுவானது. வெளிமண்டலத்தில் 4க்கும் 5க்கும் இடையிலான வேறுபாடு பெரும்பாலும் அளவுதான்: 1.5 செ.மீ. அல்லது அதற்கு மேலிருந்தால், அல்லது சுரப்பியின் ஓரத்தைத் தாண்டியது தெளிவாகத் தெரிந்தால், 5. இந்த எண்களின் எடை என்ன? 2018இல் வெளிவந்த பிரிசிஷன் ஆய்வில், 3 என்று வந்தவர்களில் 12 சதவீதத்தினருக்கும், 4 வந்தவர்களில் 60 சதவீதத்தினருக்கும், 5 வந்தவர்களில் 83 சதவீதத்தினருக்கும் கவலைப்பட வேண்டிய ரகப் புற்றுநோய் இருந்தது. 4 வாங்கிய நூறு பேரில் நாற்பது பேருக்கு அப்படி ஒன்று இல்லை என்பதையும் இதே கணக்கு சொல்கிறது. இது ஒரே ஆய்வின் கணக்கு. 26 மையங்களின் முடிவுகளை ஒன்றாக வைத்துப் பார்த்த 2020ஆம் ஆண்டு ஆய்வொன்றில், 4 அல்லது அதற்கு மேல் வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் அத்தகைய புற்று உறுதியானது. மையத்துக்கு மையம் வேறுபாடும் அதிகம். ஒருவர் 3 என்று எழுதும் இடத்தில் இன்னொருவர் 4 என்று எழுதுவது அசாதாரணம் அல்ல. எனவே அறிக்கைத் தாளை மட்டும் வைத்து இரண்டாவது கருத்துக் கேட்பதில் பயன் குறைவு. சி.டி.யில் உள்ள படங்களையே புரோஸ்டேட் ஸ்கேன்களை அடிக்கடி படிக்கும் இன்னொரு ரேடியாலஜிஸ்டிடம் கொடுத்துப் படிக்கச் சொல்ல வேண்டும். அதற்காகச் செலவாகும் ஒரு வாரம் வீணான வாரமல்ல.

இவ்வளவு பொய் எச்சரிக்கை தரும் கருவி எதற்கு என்று ஒருவர் கேட்கலாம். அது வருவதற்கு முன் என்ன நடந்தது என்பதில் பதில் இருக்கிறது. பி.எஸ்.ஏ. கூடியிருந்தால், மலக்குடல் வழியே அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்து, சுரப்பியின் இரு பக்கமும் சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு ஊசிகள் போடுவார்கள். அல்ட்ராசவுண்டில் சுரப்பி தெரியும், கட்டி பெரும்பாலும் தெரியாது. நீரோட்டம் பார்க்காமல் தோட்டத்தில் வரிசையாக போர் போட்டுப் பார்க்கும் வேலைதான் அது. 2017இல் லான்செட் இதழில் வந்த பிராமிஸ் ஆய்வு இந்தப் பழைய முறையை நேருக்கு நேர் சோதித்தது. பிரிட்டனில் 576 ஆண்கள், ஒவ்வொருவருக்கும் எம்.ஆர்.ஐ., வழக்கமான ஊசிப் பரிசோதனை, அதோடு மயக்கம் கொடுத்து 5 மி.மீ.க்கு ஒன்று வீதம் சுரப்பி முழுவதும் ஊசி போட்டு எடுத்த விரிவான பரிசோதனை. இந்த மூன்றாவதை உரைகல்லாக வைத்துப் பார்த்தபோது, ஆபத்தான புற்றுகளில் 93 சதவீதத்தை எம்.ஆர்.ஐ. கண்டிருந்தது, பழைய ஊசி முறை கண்டது 48 சதவீதம். ஆனால் ஆபத்தான புற்று இல்லாதவர்களை "இல்லை" என்று சரியாகச் சொன்னதில் எம்.ஆர்.ஐ.க்குக் கிடைத்தது 41 சதவீதம்தான். இந்த ஏற்றத்தாழ்வில்தான் என் வாதம் நிற்கிறது. ஸ்கேன் கோட்டைவிடுவது குறைவு, வீணாகப் பயமுறுத்துவது அதிகம். அப்படிப்பட்ட கருவி "ஒன்றுமில்லை" என்றால் ஓரளவு நிம்மதி கொள்ளலாம். "இருக்கிறது" என்றால் சரிபார்த்தே ஆக வேண்டும். பிரிசிஷன் ஆய்வு அடுத்த படியைக் காட்டியது. வீரு காசிவிஸ்வநாதனும் அவருடைய குழுவினரும் 11 நாடுகளில் 500 ஆண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு எம்.ஆர்.ஐ. செய்து சந்தேக இடத்தில் மட்டும் ஊசி போட்டார்கள், மற்ற பிரிவுக்குப் பழைய முறை. ஆபத்தான புற்று கண்டுபிடிக்கப்பட்டது முதல் பிரிவில் 38 சதவீதத்தினருக்கு, இரண்டாவதில் 26 சதவீதத்தினருக்கு. சும்மா விட்டிருக்கக்கூடிய சாதுவான புற்று வெளிப்பட்டதோ முதல் பிரிவில் 9 சதவீதம், இரண்டாவதில் 22. முதல் பிரிவில் 28 சதவீதத்தினருக்கு ஸ்கேன் தெளிவாக இருந்ததால் ஊசியே போடவில்லை.

அப்படியானால் எண் வந்த எல்லோருக்கும் ஊசிதானா? 4, 5 என்று வந்து, இன்னும் பத்து வருடமாவது வாழ்வார் என்று எதிர்பார்க்கக்கூடியவருக்குப் பெரும்பாலும் ஆம். உண்மையான யோசனை தேவைப்படுவது 3இல். அங்கே கைகொடுக்கும் ஒரு எளிய கணக்கு உண்டு, அதற்குத் தேவையான இரண்டு எண்களும் நோயாளியின் கையில் உள்ள காகிதங்களிலேயே இருக்கின்றன. பி.எஸ்.ஏ. அளவை, ஸ்கேன் அறிக்கையில் இருக்கும் சுரப்பியின் கன அளவால் வகுக்க வேண்டும். பி.எஸ்.ஏ. 6.5 என்றும் சுரப்பி 70 மி.லி. என்றும் வைத்துக்கொண்டால் விடை 0.09. அதே 6.5, சுரப்பி 30 மி.லி. என்றால் 0.22. முதலாமவரின் பி.எஸ்.ஏ.வைப் பெரிய சுரப்பியே விளக்கிவிடுகிறது. இரண்டாமவருடையதை அப்படி விளக்க முடியாது. 0.15 என்பது பொதுவாகப் பின்பற்றப்படும் எல்லை. பைராட்ஸ் 3, இந்த விகிதம் 0.10க்கும் கீழே, குடும்பத்தில் யாருக்கும் இந்நோய் இல்லை, விரல் பரிசோதனையில் கடினமாக எதுவும் தட்டுப்படவில்லை என்றால், சில மாதங்கள் கழித்து பி.எஸ்.ஏ.வையும் பிறகு ஸ்கேனையும் மறுபடி பார்த்துக்கொள்ளலாம் என்பது நியாயமான முடிவு. அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ இந்தப் புற்று வந்திருந்தால், பி.ஆர்.சி.ஏ. 2 மரபணுப் பிழை குடும்பத்தில் இருந்தால், அதே 3க்கு ஊசி போடுவதே சரி. இங்கே பலர் தவறவிடும் ஒரு விவரம்: சுரப்பி வீக்கத்துக்காக ஃபினாஸ்டரைடு, டூட்டாஸ்டரைடு மாத்திரைகளை ஆறு மாதத்துக்கு மேல் சாப்பிடுபவரின் பி.எஸ்.ஏ. ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருக்கும். அந்த எண்ணை இரட்டிப்பாக்கித்தான் கணக்குப் போட வேண்டும். சிறுநீர்த் தொற்று இருந்த சமயத்தில் எடுத்த பி.எஸ்.ஏ.வை நம்பவே கூடாது.

இனி மைத்துனரின் பயத்துக்கு வருவோம். ஊசி பட்டால், கத்தி பட்டால் புற்று பரவும் என்ற நம்பிக்கை நம் ஊரில் ஆழமாக வேரூன்றியது. படித்தவர்களும் அதற்கு விலக்கல்ல. ஊசி சென்ற தடத்தில் புற்றணு ஒட்டி வளர்ந்த நிகழ்வுகள் மருத்துவ இலக்கியத்தில் பதிவாகியிருக்கின்றன, ஆனால் அவை மிக மிக அரிது. இதைவிட வலுவான சான்று பிரிட்டனின் புரொடெக்ட் ஆய்வில் இருக்கிறது. பி.எஸ்.ஏ. மூலம் தெரியவந்து, ஊசி மூலம் உறுதியான புரோஸ்டேட் புற்றுடன் அதில் சேர்ந்தவர்கள் 1,643 பேர். அத்தனை பேரின் சுரப்பியிலும் பல ஊசிகள் இறங்கியிருந்தன. அவர்களில் மூன்றில் ஒரு பங்கினரை அறுவையோ கதிர்வீச்சோ உடனே கொடுக்காமல் கண்காணிப்பில் மட்டும் வைத்தார்கள். ஊசி பட்ட சுரப்பி அவர்களுக்கு உடனே அகற்றப்படவில்லை. 15 ஆண்டுகளில் அந்தப் பிரிவில் புரோஸ்டேட் புற்றால் இறந்தவர்கள் 3.1 சதவீதம். ஊசி நோயைக் கிளப்பிவிடும் என்பது உண்மையாக இருந்திருந்தால் இந்த எண் இப்படி இருந்திருக்க முடியாது.

ஊசியில் நிஜமான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது, அது தொற்று. மலக்குடல் சுவரைத் துளைத்துப் போகும் ஊசி, அங்கிருக்கும் கிருமிகளையும் சுரப்பிக்குள் கொண்டுபோகலாம். சிப்ரோஃப்ளாக்சசினுக்குக் கட்டுப்படாத ஈ.கோலை கிருமிகள் பரவலாக உள்ள இந்தியாவில் இது சாதாரண விஷயமல்ல. அபூர்வமாக ரத்தத்தில் நச்சேறி ஐ.சி.யூ. வரை போனவர்கள் உண்டு. இதற்கு மாற்று, விரைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவே உள்ள தோல் வழியாக ஊசி போடுவது. மலத்தைத் தொடாத பாதை என்பதால் தொற்று மிகவும் குறைவு. எனவே பயாப்சிக்குச் சம்மதிக்கும் முன் கேட்க வேண்டியது, ஊசி எந்த வழியாகப் போகிறது என்று. மலக்குடல் வழி என்றால், தொற்றைத் தடுக்க என்ன ஏற்பாடு, என்ன மருந்து என்று கேட்க வேண்டும். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஊசிக்குப் பிறகு சில நாட்கள் சிறுநீரிலும், சில வாரங்கள் விந்திலும் இரத்தம் தெரிவது வழக்கமானது. குளிர் காய்ச்சல் வந்தால் மட்டும் மறுநாள் காலைவரை காத்திருக்கக் கூடாது, அன்றிரவே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மகனின் அவசரத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். இருக்கிறது என்று ஸ்கேன் சொல்கிறது, எடுத்துப் போட்டுவிட்டால் நிம்மதிதானே என்பது அவன் வாதம். ஊசி பிடிக்காத சிலர் இதையே கொஞ்சம் மாற்றி, பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேன் எடுத்துவிட்டு நேராக ஆபரேஷனுக்குப் போகலாமே என்கிறார்கள். புற்றுநோய் உறுதியானவர்களுக்கு அது எலும்புக்கோ நிணநீர் முடிச்சுக்கோ போயிருக்கிறதா என்று பார்ப்பதில் பெட் ஸ்கேன் சிறந்த கருவி; மைக்ராஸ்கோப் செய்யும் வேலையை அது செய்யாது. திசுவைப் பார்க்கும் நோய்க்குறியியல் மருத்துவர் அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் விதத்தைக் கொண்டு கிளீசன் மதிப்பெண் தருகிறார். மினியாபொலிஸ் நகரில் பணியாற்றிய டொனால்ட் கிளீசன் 1960களில் வகுத்த முறை, பல திருத்தங்களுடன் இன்றும் நிற்கிறது. 6 என்றால் தரம் 1. அது சுரப்பியைவிட்டு வெளியே பரவுவது மிக அபூர்வம். வேறு காரணத்தால் இறந்த ஆண்களின் உடல்களைப் பரிசோதித்த ஆய்வுகளில், 80 வயதை எட்டியவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குப் புரோஸ்டேட்டில் எங்கோ சிறு புற்று இருந்தது. அதனால் அவர்கள் இறக்கவில்லை. 8, 9, 10 என்றால் கதை வேறு. அது உயிரை எடுக்கும் நோய், காலதாமதம் கூடாது. ஒரே 9 மி.மீ. கறுப்புப் புள்ளிக்குள் இந்த இரண்டில் எதுவும் இருக்கலாம், எதுவுமே இல்லாமலும் இருக்கலாம். கிளீசன் தெரியாமல் சிகிச்சையைப் பேசுவது ஊகத்தின் மேல் கத்தியை வைப்பது.

சிகிச்சையின் விலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதே புரொடெக்ட் ஆய்வில், அறுவை செய்துகொண்டவர்களில் 46 சதவீதத்தினர் ஆறாவது மாதத்தில் சிறுநீர்க் கசிவுக்காகப் பேட் வைத்துக்கொண்டிருந்தார்கள். ஆறு ஆண்டு கழித்தும் 17 சதவீதத்தினர். உடலுறவுக்குப் போதுமான விறைப்பு முதலில் 67 சதவீதத்தினருக்கு இருந்தது, அறுவைக்குப் பின் ஆறாவது மாதத்தில் அது 12 சதவீதமாகக் குறைந்தது. நம் வீடுகளில் இதை யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. மகனிடம் அப்பா சொல்ல மாட்டார், மருத்துவரிடம் மனைவி கேட்க மாட்டார். பேசாததால் இழப்பு குறைந்துவிடாது. 15 ஆண்டு முடிவில் புரோஸ்டேட் புற்றால் இறந்தவர்கள் அறுவைப் பிரிவில் 2.2 சதவீதம், கதிர்வீச்சில் 2.9, கண்காணிப்பில் 3.1. புள்ளியியல் நோக்கில் இவற்றுக்கிடையே வேறுபாடில்லை. காத்திருப்பதிலும் இழப்பு உண்டு என்பதை மறைக்கக் கூடாது: நோய் வேறு இடத்துக்குப் பரவியது கண்காணிப்பில் 9.4 சதவீதம், அறுவையில் 4.7. ஆனால் அது எம்.ஆர்.ஐ. வழக்கத்துக்கு வராத காலத்து ஆய்வு. கண்காணிப்பில் வைக்கப்பட்டவர்களில் சிலருடைய ஆபத்தான புற்று பழைய ஊசிமுறையில் தப்பியிருக்க வாய்ப்புண்டு. இன்று ஸ்கேனைப் பார்த்துக் குறிவைத்து எடுத்த திசுவில் 6 என்று வருபவர், இன்னும் நம்பிக்கையோடு கண்காணிப்பைத் தேர்ந்தெடுக்கலாம்.

இதற்கு எதிராக நான் மதிக்கும் ஒரு வாதம் உண்டு. தேவைக்கு மேல் கண்டுபிடிப்பது பிரிட்டன், சுவீடன் போன்ற நாடுகளின் பிரச்சினை; இங்கே எலும்புக்குப் பரவி, முதுகுவலி தாங்காமல் முதல்முறையாக வருபவர்கள் ஏராளம். அவர்களை வைத்துக்கொண்டு நிதானம் பேசலாமா என்பது அந்த வாதம். தாமதமாக வருபவர்களின் துயரம் மறுக்க முடியாதது. ஆனால் அது ஒருபோதும் பரிசோதிக்கப்படாதவர்களின் துயரம். பி.எஸ்.ஏ. 6, ஸ்கேனில் 9 மி.மீ. என்று தாளோடு நிற்பவர் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர் அல்ல. அவரைப் போன்றவர்களைப் பற்றித்தான் மேற்சொன்ன ஆய்வுகள் பேசுகின்றன. அவர் சில வாரம் எடுத்துக்கொண்டு படங்களை மறுபடி படிக்கக் கொடுத்து, சரியான இடத்தில் ஊசி போட்டுக்கொள்வதால் எதையும் இழக்கமாட்டார். அந்த வாதம் உண்மையில் எச்சரிப்பது ஊசிக்குப் பயந்து தாளை அலமாரியில் வைத்துப் பூட்டுகிறவர்களை. பைராட்ஸ் 5, பி.எஸ்.ஏ. 20க்கு மேல் என்றால் நாட்டு மருந்து, அடுத்த வருடம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடுவது பொறுப்பான செயலே அல்ல.

மறுகோடியில் 82 வயதில், இதயம் பலவீனமாகி, மாடி ஏறமுடியாத ஒருவருக்குப் பைராட்ஸ் 4 வந்தால் ஊசி வேண்டாம் என்பதே பல சமயம் நல்ல முடிவு. கண்டுபிடித்தாலும் சிகிச்சை தரப் போவதில்லை என்னும்போது எதற்காகக் கண்டுபிடிக்க வேண்டும்? பி.எஸ்.ஏ.வை அவ்வப்போது பார்த்துக்கொண்டு, எலும்பு வலியோ சிறுநீர் அடைப்போ வந்தால் அப்போது கவனித்தால் போதும்.

கடைசியாக, ஊசியில் ஒன்றுமில்லை என்று வந்தவர்கள். இனிப்பு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகும் இந்த இடத்தில்தான் கவனம் வேண்டியிருக்கிறது. பைராட்ஸ் 5 காட்டிய இடத்திலிருந்து எடுத்த திசுவில் எதுவும் இல்லை என்றால் இரண்டு சாத்தியங்கள் உண்டு: ஸ்கேன் ஏமாந்திருக்கலாம், அல்லது ஊசி தவறியிருக்கலாம். நோய்க்குறியியல் அறிக்கையைப் பார்த்தால் இவற்றில் எது என்பதற்குத் துப்புக் கிடைக்கும். அழற்சி என்றோ காசநோய்க் கட்டிகள் என்றோ தெளிவாக எழுதியிருந்தால் படத்தில் தெரிந்த கறுப்புக்கு விளக்கம் கிடைத்துவிட்டது. அதற்குரிய சிகிச்சையைத் தொடங்கலாம். வெறும் இயல்பான சுரப்பித் திசு என்று மட்டும் எழுதியிருந்தால் கறுப்புக்கு இன்னும் பதில் வரவில்லை. அப்போது ரேடியாலஜிஸ்டும் யூராலஜிஸ்டும் படத்தை மறுபடி சேர்ந்து பார்க்க வேண்டும். சந்தேகம் அப்படியே நின்றால் அந்த இடத்தில் மீண்டும் ஊசி போட வேண்டும், குறைந்தால் சில மாதங்களில் பி.எஸ்.ஏ.வையும் ஸ்கேனையும் திரும்ப எடுக்க வேண்டும். எந்தத் தேதியில் என்பதை அன்றே கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு வர வேண்டும்.